அணைந்தால் மூடு

பழைய மோட்டார்ஹோமில் புரோப்பேன் ஓவன் எரியவில்லை என்றால், பல நேரம் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. எரிய மறுக்கிறது, அவ்வளவுதான். அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, கழிப்பறை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966-ல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் வேலை பார்த்த நாட்களில், நண்பர் ஒருவரின் எண்பதுகளின் வண்டியில் இந்த ஓவனைக் கிட்டத்தில் பார்த்தேன். மேலடுப்பு நன்றாக எரிந்தது. ஓவனின் பைலட் சுடரும் பற்றியது. ஆனால் குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்தது.

இதைப் படிப்படியாகத்தான் தேட வேண்டும். மிதமான வெயிலில் புரோப்பேன் சிலிண்டருக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டைத் தாண்டும். ரெகுலேட்டர் அதை அரை பவுண்டுக்கும் கீழே இறக்குகிறது. மேலடுப்புகள் எல்லாம் உறுதியாக, நீலமாக எரிந்தால் ரெகுலேட்டர் மேல் சந்தேகம் வேண்டாம். பைலட் மட்டும் மெலிந்து மஞ்சளாக எரிந்தால், அதன் துளையில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கலாம். பைலட் நன்றாக எரிந்தும் நிற்கவில்லையா? அப்போ தெர்மோகப்பிளைப் பார்க்கணும்.

1821-ல் பெர்லினில் தாமஸ் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கினார். பக்கத்திலிருந்த திசைகாட்டி முள் திரும்பியது. வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் ஓடியது மின்சாரம். ஓவனில் அதே வித்தைதான்: பைலட்டின் சூட்டில் தெர்மோகப்பிள் தருவது சுமார் 20, 30 மில்லிவோல்ட். அந்தத் துளி மின்சாரம் ஒரு குட்டி மின்காந்தத்தை உயிரோடு வைக்கிறது. மின்காந்தம், மூடத் துடிக்கும் ஸ்பிரிங்குக்கு எதிராக வால்வைத் திறந்து பிடிக்கிறது. தொடக்கத்தில் அந்த வேலையைச் செய்வது குமிழை அழுத்தும் நம் கை. சுடர் அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், வால்வு மூடும். பேட்டரி இல்லை, ஒரு வரி கோடும் இல்லை. சந்தேகம் வந்தால் 'இல்லை' என்று சொல்வதுதான் இதன் இயல்புநிலை.

"இந்த வால்வையே பைபாஸ் பண்ணிட்டா என்ன?" என்றார் நண்பர். பலரும் கேட்கிற கேள்விதான். நாங்கள் செய்தது வேறு: விலகியிருந்த தெர்மோகப்பிள் முனையைத் துடைத்து, சுடருக்குள் சரியாக நிறுத்தினோம். ஓவன் எரிந்தது.

அவர் கேள்விக்கான பதில் டெக்சாஸில் இருக்கிறது. நியூ லண்டன் என்ற எண்ணெய் வயல் ஊர். செலவை மிச்சப்படுத்த, அங்கிருந்த பள்ளி பக்கத்துக் குழாயில் வந்த கழிவு எரிவாயுவை எடுத்துப் பயன்படுத்தியது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. கசிந்தது தரைக்கடியில் சேர்ந்துகொண்டே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல், தொழிற்கூடத்தில் மின்சாரத் தேய்ப்பு இயந்திரம் ஒன்று போடப்பட்டபோது கட்டடமே வெடித்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள்.

எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அந்த ஆண்டே டெக்சாஸ் சட்டம் போட்டது. பிறகு அது மற்ற இடங்களுக்கும் பரவியது. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைப் பிடிக்கவைக்கிற அந்த அழுகல் வாடை, மெர்காப்டன் வகைச் சேர்மம், வேண்டுமென்றே கலக்கப்படுவது.

நியூ லண்டனில் வெடித்தது இயற்கை எரிவாயு, காற்றைவிட லேசானது. புரோப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மோட்டார்ஹோமில் அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே நாலு எட்டு. தூங்குகிறவருக்கு மூக்கு எழுப்புமணி ஆகாது. சுடர் அணைந்ததைத் தூங்காமல் கவனிக்கிற ஒரே ஆள் அந்த வால்வு. அதைக் கழற்றுவது, வீட்டில் விழித்திருக்கிற ஒருவரை வெளியே அனுப்புவதுபோல.

அதே 1937-ல் டெக்சாஸ் இன்னொன்றும் செய்தது: பொறியாளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய உரிமம் வேண்டும் என்றது. நான்கு வருடம் பொறியியல் படித்தேன். அந்தப் பள்ளியின் பெயரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.