ஒரே பந்தியும் இரண்டு பண்டிகை நாளும்

முதல் நூற்றாண்டின் இறுதியில், ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்தில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையோரத்தில் இருந்த சபைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் யோவானின் முதலாம் நிருபம், ஒரு பிளவு நடந்து முடிந்த பின் எழுந்த எழுத்தாகும். சபைக்குள்ளேயே வளர்ந்த சிலர் அதைவிட்டு வெளியேறிவிட்டதை அதன் இரண்டாம் அதிகாரம் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் நிருபம் அவர்களைச் சாடுவதோடு தொடங்கவில்லை. கேட்டதும் கண்டதும் கையால் தொட்டதுமான ஒருவரைப் பற்றிய சாட்சியோடும், அந்தச் சாட்சியை ஏற்போர் பிதாவோடும் குமாரனோடும் ஒருவரோடொருவரும் கொள்ளும் உறவோடும் தொடங்குகிறது. தமிழ்த் திருச்சபை வழக்கில் 'ஐக்கியம்' எனப்படுவது இவ்வுறவே. கள்ளப் போதனையை அறிந்துகொள்ள நிருபம் தரும் அடையாளங்களும் இந்த ஐக்கியத்திலிருந்தே பிறக்கின்றன. இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கையிடுகிறாரா என்பது ஒன்று. கையில் பொருள் இருந்தும் குறைச்சலில் வாடும் சகோதரனுக்குத் தம் இருதயத்தை அடைத்துக்கொள்கிறாரா என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் பிணைத்துப் பேசியதற்கு அக்காலச் சூழலே காரணம். தெய்வம் தூய்மையானது, சடப்பொருள் தாழ்ந்தது என்ற கிரேக்கச் சிந்தனையில் ஊறியவர்களுக்கு, கடவுளின் குமாரன் பசித்தார், இரத்தம் சிந்தினார் என்பது ஏற்க இயலாத பேச்சாக இருந்தது. ஆகவே அவருடைய உடல் வெறும் தோற்றமே என்று சிலர் போதித்தனர். இது தோற்றக் கொள்கை எனப்படும். செரிந்து என்பவரோ, இயேசு என்ற மனிதர்மீது ஞானஸ்நானத்தின்போது கிறிஸ்து இறங்கினார் என்றும், பாடுகளுக்கு முன்பே அவரைவிட்டு அகன்றார் என்றும் பிரித்துச் சொன்னார். எபேசுவின் பொதுக் குளியலகத்தில் செரிந்து இருப்பதைக் கண்ட யோவான், கூரை இடிந்து விழுந்துவிடும் என்று அஞ்சிக் குளிக்காமலே வெளியே ஓடினார் என்றொரு கதை இரண்டாம் நூற்றாண்டில் வழங்கிவந்தது. அது நடந்ததோ இல்லையோ, இரண்டு தலைமுறைக்குப் பின்னும் விசுவாசிகள் அதைச் சுவைத்துச் சொல்லிவந்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. இதைவிடக் கனமான சாட்சி, அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸ் கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் சிமிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது. கிறிஸ்துவின் உடலை மறுப்பவர்கள் விதவைகளையும் அநாதைகளையும் பசித்தவர்களையும் பற்றி அக்கறை கொள்வதில்லை என்றும், நற்கருணைப் பந்தியிலிருந்து விலகியே நிற்கிறார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். உடலை இழிவாகக் கருதும் போதனை, பிறருடைய உடற்பசியையும் பொருட்படுத்தாது என்பதே அவர் கண்ட தொடர்பு.

இந்தப் போதனைகளைச் சுமந்துவந்த ஊர்சுற்றும் போதகர்களை வீட்டில் ஏற்க வேண்டாம் என்று யோவானின் இரண்டாம் நிருபம் கட்டளையிடுகிறது; சபைகள் வீடுகளிலேயே கூடிய காலத்தில் இது பிரசங்க மேடையை மறுப்பதற்குச் சமம். ஆனால் கதவடைக்கும் அதிகாரம் எப்படியெல்லாம் பயன்படும் என்பதற்கு மூன்றாம் நிருபமே சான்று. அதில் வரும் தியோத்திரேப்பு என்பவர், யோவானின் தரப்பிலிருந்து வந்த நல்ல ஊழியர்களையே ஏற்க மறுத்து, ஏற்க விரும்பியவர்களையும் சபைக்குப் புறம்பாக்கினார். காரணம் உபதேசம் அன்று, முதன்மை ஆசை என்கிறது நிருபம். வேதப்புரட்டை எதிர்த்தோரின் வரலாற்றைப் புகழ்ந்தெழுதுவோர் இந்தச் சின்னஞ்சிறு நிருபத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

யோவானின் மரபை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றவர் சிமிர்னாவின் பேராயர் பொலிகார்ப். அவருடைய காலடியில் சிறுவனாக இருந்து கேட்டவர் இரேனியஸ். பிற்காலத்தில் கால் நாட்டிலுள்ள, அதாவது இன்றைய பிரான்சிலுள்ள, லியோன் நகரத்தின் பேராயரானவர். கி.பி. 177இல் அந்நகரில் மூண்ட கொடுந்துன்பத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த பேராயர் பொத்தினஸ் சிறையில் உயிர்நீத்தார். பிளாந்தினா என்ற அடிமைப் பெண் உட்படப் பலர் அரங்கில் கொல்லப்பட்டனர். அப்போது சபையின் கடிதத்தோடு ரோமுக்கு அனுப்பப்பட்டிருந்த இரேனியஸ் பின்னர் பொத்தினஸின் இடத்தை ஏற்றார். அவருக்கு வந்த சோதனை வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பொலிகார்ப்பிடம் தம்மோடு பழகிய புளோரினஸ் என்பவரே மாற்றுப் போதனையின் பக்கம் சாய்ந்துவிட்டார். அவருக்கு எழுதிய கடிதத்தில் இரேனியஸ் வாதங்களை மட்டும் அடுக்கவில்லை. பொலிகார்ப் எங்கே அமர்ந்து பேசுவார், எப்படி உள்ளே வருவார், எப்படி வெளியே போவார், அவருடைய தோற்றம் எப்படியிருந்தது என்பதையெல்லாம் நினைவூட்டி, இப்போதைய பேச்சைக் கேட்டிருந்தால் அந்த முதியவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார் என்கிறார். பழைய நண்பனை மறுத்துரைக்கும்போதும் இருவருக்கும் பொதுவான ஆசானையே அவர் சாட்சிக்கு அழைத்தார்.

புளோரினஸைக் கவர்ந்தது, அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்கு வந்து போதித்த வாலண்டினஸின் வழி. இது ஞானமார்க்கம் எனப்படும் பல பிரிவுகளுள் ஒன்று. மீட்பு விசுவாசத்தால் அன்று, சிலருக்கே அருளப்பட்ட மறைஞானத்தால் கிடைக்கிறது என்பது அதன் அடிப்படை. உச்சநிலைத் தெய்வ நிறைவில் முப்பது 'ஏயோன்கள்', அதாவது தெய்விக வெளிப்பாடுகள் உள்ளன என்றும், அவற்றுள் கடைசியான ஞானம் என்னும் ஏயோனின் தவறால்தான் இவ்வுலகம் உருவாயிற்று என்றும், இதைப் படைத்தவன் உண்மைக் கடவுள் அல்லன் என்றும் அவர்கள் விளக்கினர். மனிதரையும் ஆவிக்குரியோர், ஆன்மநிலையினர், மண்ணுக்குரியோர் என மூன்றாகப் பிரித்து, சாதாரணச் சபை விசுவாசிகளை இரண்டாம் தரத்தில் வைத்தனர். சிக்கல் என்னவெனில், இவர்கள் அதே வேதத்தை வாசித்தார்கள், அதே சொற்களைப் பேசினார்கள், சபைகளுக்குள்ளேயே நடமாடினார்கள். அரசனின் உருவமாகப் பதிக்கப்பட்ட வண்ணக் கற்களைப் பெயர்த்தெடுத்து, அவற்றைக்கொண்டே நரியின் உருவை அமைத்துவிட்டு, இதுதான் அரசன் என்று காட்டுவதைப் போன்றது இவர்களுடைய வேத விளக்கம் என்று இரேனியஸ் எழுதினார்.

கி.பி. 180ஐ ஒட்டி அவர் எழுதிய 'வேதப்புரட்டுகளுக்கு எதிராக' என்ற ஐந்து பாக நூலில் ஏளனத்துக்கும் குறைவில்லை. ஏயோன்களின் பெயர்ப் பட்டியலைக் கேலிசெய்து, சுரைக்காய், வெள்ளரிக்காய், முலாம்பழம் என்று தாமும் ஒரு தெய்விக வம்சாவளியைக் கற்பித்துக் காட்டுகிறார். படிக்கச் சுவையானதே; எனினும் எதிர்த்தரப்பை முழுமையாகக் காட்டுவது அன்று. 1945இல் எகிப்தின் நாக் அம்மாதியில் கிடைத்த கோப்டிக் மொழிச் சுவடிகள், ஞானமார்க்கத்தாரிடமும் உண்மையான பக்தி ஏக்கம் இருந்ததைக் காட்டுகின்றன. ஆனால் இரேனியஸின் மையமான பதிலை அது அசைத்துவிடவில்லை. அப்போஸ்தலர் மறைபொருள் எதையேனும் தனியே போதித்திருந்தால், தாங்கள் சபைகளையே ஒப்படைத்தவர்களிடம் அதை மறைத்திருக்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். உபதேசம் எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்டது. மீனவனும் அடிமைப் பெண்ணும் அறிந்தது அறிஞன் அறிந்ததற்குக் குறைந்ததன்று. உடலையும் அவர் கைவிடவில்லை. மண்ணில் விளைந்த அப்பமும் திராட்சரசமும் நற்கருணையாகி விசுவாசியின் உடலை ஊட்டுகின்றன என்றால், அந்த உடலுக்கு உயிர்த்தெழுதல் இல்லையென்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். கடவுளோடு ஐக்கியம் என்பது படைப்பிலிருந்து தப்பி ஓடுவது என்றது ஞானமார்க்கம். படைப்பையே கடவுள் தம்மோடு சேர்த்துக்கொள்வது என்றார் இரேனியஸ்.

இத்தனை கடுமையாக எழுதியவரே, ஒரு கட்டத்தில் எதிர்ப்பு அளவு மீறுவதைத் தடுக்கவும் எழுதினார். ஆசியச் சபைகள் பாஸ்காவை யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாளில், அது எந்தக் கிழமையில் வந்தாலும், ஆசரித்தன. ரோமும் பிற சபைகளும் ஞாயிற்றுக்கிழமையையே கைக்கொண்டன. 190ஐ ஒட்டி, ரோமப் பேராயர் விக்டர் ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்தே நீக்க முற்பட்டார். இரேனியஸ் தாமே ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைச் சேர்ந்தவர். ஆயினும் பொலிகார்ப் முதுமையில் ரோமுக்கு வந்து அன்றைய பேராயர் அனிசேத்தஸைச் சந்தித்ததை அவர் விக்டருக்கு நினைவூட்டினார். யோவானோடு தாம் ஆசரித்த நாளை விட்டுவிடப் பொலிகார்ப் இசையவில்லை. முன்னோர் வழக்கத்தை மாற்ற அனிசேத்தஸும் இசையவில்லை. இருந்தும் இருவரும் ஒரே பந்தியில் பங்குகொண்டனர், தம் சபையில் நற்கருணையை நடத்தும் உரிமையை அனிசேத்தஸ் மரியாதையின் பேரில் விருந்தினருக்கே விட்டுக்கொடுத்தார், சமாதானத்தோடு பிரிந்தனர். மார்சியனைச் சாத்தானின் முதற்பேறு என்று முகத்துக்கு நேரே சொன்னதாகக் கூறப்படுபவரும் இதே பொலிகார்ப்தான். பழைய ஏற்பாட்டையும் அதன் கடவுளையும் ஒதுக்கிய மார்சியனோடு அவர் காணாத பொதுவிடத்தை, நாளில் வேறுபட்ட அனிசேத்தஸோடு கண்டார். எதை மறுத்தால் கிறிஸ்துவே இல்லாமற்போவார், எது வேறுபட்டாலும் அவர் இருப்பார் என்ற இந்தப் பகுத்தறிவு, எந்தச் சட்டத் தொகுப்பிலும் எழுதப்படாமல் அத்தலைமுறையினரின் நடத்தையில் மட்டுமே இருந்தது.

எழுதப்படாதது நெடுங்காலம் நிற்கவில்லை. 325இல் நிசேயா சங்கம் ஞாயிற்றுக்கிழமையைப் பொது வழக்கமாக்கியது. அதே நான்காம் நூற்றாண்டில், பொலிகார்ப்பின் சிமிர்னா இருந்த சின்ன ஆசியாவிலேயே லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், திரும்பிவரும் வேதப்புரட்டரை எப்படிச் சேர்ப்பது என்று விதி வகுத்தபோது, பதினான்காம் நாளை ஆசரிப்போரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.