கோழிக் கொடியும் கோழி நடுகல்லும்

திருச்சிற்றம்பலம்

கல்வராயன் மலையை மேற்கே எல்லையாகக் கொண்டு விளங்கும் சங்கராபுரத்தில் திருக்குட நீராட்டு விழா நிகழும் இந்நன்னாளில், செவ்வேள் தன் கொடியில் உயர்த்த சேவலைப் பற்றிச் சில சொல்லுதல் பொருத்தமாகும். போர்ச்சேவல் வளர்த்தல் இந்நாட்டில் நேற்றுத் தோன்றிய பொழுதுபோக்கு அன்று. அதன் வரலாறு நூலிலும் உண்டு, கல்லிலும் உண்டு.

குறுந்தொகைப் புலவர் ஒருவர், குப்பைமேட்டில் தாமே பொரும் கோழிகளை உவமையாக எடுத்தாண்டமையால் குப்பைக் கோழியார் என்றே பெயர் பெற்றார். ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் யானைவென்றி, குதிரைவென்றி முதலியவற்றோடு கோழிவென்றியையும் ஒரு துறையாக வைத்தார். சோழர் தலைநகராகிய உறையூர்க்குக் கோழி என்பது மற்றொரு பெயர். யானையை ஒரு கோழி எதிர்த்துப் பொருது வென்ற நிலம் அது என்பது பழங்கதை. சம்பந்தப் பெருமான் பாடிய மூக்கீச்சரம் அந்நகரிலேயே உள்ளது.

நூற்சான்று இவ்வாறாக, கற்சான்று நமக்கு இன்னும் அணித்தே உளது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் வட்டெழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கண்டறியப்பட்டது. காலம் ஏறத்தாழக் கி.பி. 5ஆம் நூற்றாண்டு. அதில் வாளேந்திய வீரன் இல்லை. பொரும் நிலையில் ஒரு சேவலே நிற்கிறது. முகையூர் மேற்சேரியின் கோழி என்று எழுத்து அதனைச் சுட்டுகிறது. முகையூர் என்னும் பெயருடைய ஊர் இன்றும் திருக்கோவலூர்ப் பக்கத்தே உள்ளது. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள இந்தளூர்க் கல்லோ, கீழ்ச்சேரிக் கோழிக்குப் பொற்கொற்றி என்னும் பெயரையும் வழங்குகிறது. சேரி என்பது அக்காலத்தில் ஊரின் ஒரு பகுதியைக் குறித்த சொல். ஆகவே, மேற்சேரியும் கீழ்ச்சேரியும் தத்தம் கோழியைத் தமக்கே உரிய வீரனாகக் கொண்டாடின என்பது தெளிவு. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் பக்கத்து எடுத்தனூரில், தலைவன் மாண்டபின் அகலாது நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் மகேந்திரவர்மன் காலத்தில் இத்தகைய சிறப்புக் கிடைத்தது.

அன்பர்காள்! ஈண்டு ஒன்று எண்ணுதல் வேண்டும். அக்கல்லிற் பொறித்தது பறவையின் பெருமையையே. பந்தயப் பொருள் இவ்வளவு என்று அது கூறவில்லை. பிற்காலத்தில் சேவற்கட்டு, வெற்றுக்காற் போர் என்றும் கத்திக்கட்டு என்றும் இருவகையாயிற்று. காலிற் கத்தி கட்டியபின் வெற்றி பறவையின் ஆற்றலால் வருவதன்று. கூரிய இரும்பினால் வருவது. வீரத்தைக் காணவந்தவன் குருதியைக் கண்டு மீள்கிறான். பந்தயம் வைத்தவன் வீட்டில் அடுப்பெரியாமையும் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வேடிக்கைக்காக உயிர்களைப் பொரவிடுதலைக் குற்றம் என்கிறது. சட்டம் சொல்லாவிடினும் சைவம் சொல்லும்.

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தின் உட்பொருளும் இதுவே. கடல் நடுவே மாமரமாய் நின்ற சூரனை வேல் இருகூறாக்கிற்று. அக்கூறுகள் மயிலும் சேவலுமாகிச் சினந்து வந்தன. பெருமான் அவற்றை அழித்தாரில்லை, அருட்கண்ணால் நோக்கினார். பகை ஒழிந்து மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று. போர்க்குணத்தை ஆட்கொண்டு காத்தலே அவர் செய்தது. மீண்டும் அதனைக் களத்தில் இறக்கிக் கத்தி கட்டுவது அவ்வருளுக்கு மாறன்றோ?

ஆகவே சேவல் வளர்த்தலை விடுக என்று யாம் கூறவில்லை. வளர்ப்போர் அதிகாலையில் எழுந்து, கம்பும் கேழ்வரகும் அளந்து இட்டு, நீந்தவும் நடக்கவும் பயிற்றுகின்றனர். இவ்வுழைப்பு அன்பின்றி வாராது. அசில் என்னும் உறுதிவாய்ந்த இனமும், கிளிமூக்கும் விசிறிவாலும் உடைய சேவல்களும் இத்தகையோரால் நிலைபெற்றன. கிளிமூக்குச் சேவல்களைப் பொரவிடாமல் அழகு நோக்கியே பரிசளிக்கும் கண்காட்சிகள் தமிழகத்தில் நடைபெறுகின்றன. அதுவே நன்னெறி. வெள்ளைக்கழிச்சல் வாராதபடி காலத்தே தடுப்பூசி இடுவதும் வளர்ப்போர் கடன். ஒரு சேவலுக்கு வந்தால் அந்நோய் கூடு முழுவதையும் வெறுமையாக்கும்.

திருப்பணிச் செல்வர்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். முருகன் கோயில்களில் சேவலை நேர்ந்து விடுதல் நெடுநாள் வழக்கம். விட்டபின் அவ்வுயிர் என்னாகிறது என்பதையும் கேட்டல் வேண்டும். இரையும் நீரும் நிழலும் அமைத்து அதன் வாழ்நாள் முழுதும் காக்க ஒரு சிறு கட்டளை வைத்தால், நேர்த்தி அன்றே நிறைவுறும். இரண்டாவது, திருப்பணியின்போது அகழ்ந்தெடுத்த பழங்கல் எதனையும் படியாகவோ துணிவெளுக்கும் கல்லாகவோ ஆக்கற்க. எழுத்தோ உருவமோ தெரியின் தொல்லியல் துறைக்கு அறிவித்திடுக. அரசலாபுரத்துக் கல் வயலோரத்தில் உடைந்து போயிருப்பின், ஒரு கோழிக்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட பண்பாட்டை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

சேவற்கொடியோன் திருவருளால் ஊரும் உயிரும் ஓங்குக. திருச்சிற்றம்பலம்.