கிளாஸ் வழியாக மலை

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் டீக்கடை ஒன்றில், ஓர் அம்மா கிளாஸை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "அண்ணே, உங்க டீ வழியாவே மலை தெரியுது. கிரிவலமே போக வேணாம்" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் டிகாஷன் கூட ஊற்றினார். "நக்கலு ஜாஸ்திம்மா உனக்கு" என்றது பக்கத்து பெஞ்சு.

நக்கலுக்கு இலக்கணத்தில் பேர் அங்கதம். தொல்காப்பியச் செய்யுளியல் அதை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகத் திட்டினால் செம்பொருள் அங்கதம். வசை என்பதும் அதுவே. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. அந்த அம்மா இரண்டாவது கட்சி. (தோள்வளையைக் குறிக்கும் அங்கதம் வடசொல், அகராதியில் அருகருகே நின்றாலும் இது வேறு.)

அங்கதத்துக்கு ரோமானியர்களின் சொல் படையல் தட்டிலிருந்து வந்தது என்பார்கள். பலவகைப் பழங்கள் குவித்த தட்டு 'சட்டுரா'; எதையும் கலந்து பேசும் கவிதைக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்து 'சட்டையர்' அதன் பேத்தி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் 16 சட்டுராக்கள் எழுதிய ஜுவெனல், தொல்காப்பியர் கணக்கில் சுத்தமான செம்பொருள் ஆள். ஆனால் செத்தவர்களைத்தான் பாடுவேன் என்று முதல் பாட்டிலேயே சொல்லி வைத்தார். விவரமானவர்.

நம் காளமேகத்துக்கு அந்தப் பயம் கிடையாது. 15ஆம் நூற்றாண்டுக்காரர், ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார் என்பது வழிவழிக் கதை. வசைகவி என்று பேரெடுத்தவரிடம் எனக்குப் பிடித்தது என்னவோ மோர்ப் பாட்டுதான். வானத்தில் மேகம், மண்ணுக்கு வந்ததும் நீர், ஆய்ச்சி கைக்கு வந்ததும் மோர். மூன்று பேர் வாங்கிவிட்டாயே என்று மோரைப் பாராட்டுகிறார். ஆய்ச்சியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தோம். புறநானூறு 95இல் அதியமானின் தூதாகப் போன ஔவை தொண்டைமானிடம், எண்ணெய் பூசிப் பீலி சூட்டிய உன் ஆயுதங்கள் எத்தனை அழகு, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். அதுவும் இந்த ஜாதிதான்.

பிற்பாடு விமர்சகர்கள் 'சட்டைய'ருக்கு ஈடாக அங்கதத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். எடுக்கும்போது வசை கழன்று விழுந்துவிட்டது. இன்று நேரே திட்டுவதை யாரும் அங்கதம் என்பதில்லை. தெருவுக்கோ இந்தச் சொல்லே தேவைப்படவில்லை. நக்கல், நையாண்டி, குத்தல், எகத்தாளம் என்று தராதரம் பிரித்து வைத்திருக்கிறது. குத்தலாக இருந்திருந்தால் கடைக்காரர் டிகாஷன் ஊற்றியிருக்க மாட்டார்.

மறுநாள் டீ கெட்டியாக இருந்தது. அந்த அம்மா கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, மலையக் காணோம்?" என்றார்.