'யாழினி' என்று பெயர் வைக்கப்போகிறீர்களா? அந்த 'ழ'வை எப்படிக் காப்பாற்றுவது?

"பாப்பாவுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"யாழினி."

"அட, நல்ல பேரா இருக்கே! இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க?"

முதல் கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்லும் பெற்றோர் இரண்டாவது கேள்வி வந்ததும் சற்று யோசிக்கிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் வட்டாரத்தில் அபூர்வமாகக் கேட்ட பெயர் யாழினி. இப்போது அவ்வப்போது காதில் விழுகிறது. மகிழினி, எழிலினி, தமிழினி என்று அதன் சகோதரிகளும் வந்துவிட்டார்கள்.

பெயரின் பொருள் என்ன? ஏன் பலருக்கும் பிடிக்கிறது? பதிவு செய்யும் முன் எதை யோசிக்க வேண்டும்? பார்க்கலாம்.

யாழ் என்றால்?

யாழ் என்பது பண்டைத் தமிழரின் நரம்பு இசைக்கருவி. வில்லின் நாணைச் சுண்டும்போது எழுந்த ஒலியிலிருந்து அது உருவானதாகக் கருதப்படுகிறது.

சங்க காலத்தில் பாணர்கள் யாழைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை ஆகியவற்றின் பெயர்களே பெரிய யாழ் வாசித்தவர்களையும் சிறிய யாழ் வாசித்தவர்களையும் குறிப்பவைதாம். பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கிறது. அடிப்பகுதி மானின் குளம்படி போல நடுவில் பிளந்து இருக்குமாம்!

யாழில் பல வகை உண்டு. பேரியாழுக்கு 21 நரம்புகள். செங்கோட்டியாழுக்கு 7.

பிற்காலத்தில் வீணை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. யாழ் வழக்கொழிந்தது. இலங்கையைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு வெளியானது. மறைந்துபோன கருவி மீண்டும் பேசுபொருளானது.

'இனி' எங்கிருந்து வந்தது?

'யாழ் போல் இனிமையானவள்' என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். 'இனிமை'யிலிருந்து 'இனி' வந்தது என்பது அவர்களின் கணக்கு. கேட்க அழகாகவே இருக்கிறது.

இன்னொரு விளக்கமும் உண்டு. மாலினி, நளினி, பத்மினி என்று 'இனி'யில் முடியும் பெண் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. அவை வடமொழிப் பெயர்கள். ஆனால் சங்கத் தமிழிலும் அப்படி ஒலிக்கும் ஒரு சொல் இருக்கிறது: பாடினி.

பாடும் பெண் பாடினி. பாணர் குலத்துப் பெண்களை அப்படி அழைத்தார்கள். காக்கைபாடினியார் என்ற சங்கப் புலவரின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது.

பாடுபவள் பாடினி என்றால் யாழுக்குரியவள் யாழினி. பெயர் புதியதுதான். ஆனால் அதன் அச்சு பழையது.

ஏன் பிடிக்கிறது?

- தமிழ்ப் பெயர் வேண்டும் என்ற ஆசை: தமிழில் பெயர் வைப்பது ஓர் இயக்கமாகவே நடந்திருக்கிறது. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் தம் பெயரையே மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டார். அந்த ஆர்வத்தின் நீட்சிதான் இன்றைய புதுப் பெயர்கள் பலவும்.

- 'ய' கிடைப்பது கஷ்டம்: நட்சத்திரத்துக்கு ஏற்ற எழுத்தில் பெயர் தேடும் குடும்பங்கள் உண்டு. கேட்டை நட்சத்திரத்துக்கு 'ய' ஓர் எழுத்து. யமுனா, யசோதா, யோகேஸ்வரி எல்லாம் வடமொழி வழி வந்தவை. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் 'ய' வந்தால் அது 'யா' என்றுதான் வரும் என்கிறது தொல்காப்பியம். யானை, யாறு, யாமை, யாளி, யாழ்... இதில் பிள்ளைக்கு எதை வைப்பது? யாழ்தான் மிஞ்சுகிறது!

- ஊர் நினைவு: யாழ் வாசித்துப் பரிசாக நிலம் பெற்ற பாணரின் கதையோடு யாழ்ப்பாணத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். பேச்சில் அந்த ஊரே 'யாழ்'தான். பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க அங்கிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் பலர். அந்தக் குடும்பங்களுக்கு யாழினி என்ற பெயரில் பாட்டன் ஊரும் கேட்கும்.

- குறள்: 66ஆவது குறள் நினைவிருக்கிறதா? குழலையும் யாழையும் இனிமை என்பவர்கள், சொந்தப் பிள்ளையின் மழலையைக் கேட்காதவர்கள் என்கிறார் வள்ளுவர். மழலையிடம் தோற்ற யாழின் பெயரை அந்த மழலைக்கே சூட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

சிக்கல் எங்கே?

பெயரின் உயிர் 'ழ'வில் இருக்கிறது. அதை மாற்றினால் பொருள் போய்விடும்.

'யாளினி' என்றால் கோயில் தூணில் நிற்கும் யாளி நினைவுக்கு வரும். 'யாலினி' என்றால் எந்தப் பொருளும் இல்லை.

சிங்கப்பூரில் பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஆங்கில எழுத்துகளில் பெயர் வேண்டும். அந்த 26 எழுத்துகளில் 'ழ' இல்லை.

என்னென்ன வழிகள்?

1. 'இசட்-எச்' போடுவது

தமிழகத்திலும் கேரளத்திலும் இதுதான் வழக்கம். தமிழ் தெரிந்தவர்கள் பார்த்தவுடனே 'ழ' என்று புரிந்துகொள்வார்கள்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போதும் 'இசட்-எச்' வரும். அங்கே அதன் ஒலி கிட்டத்தட்ட 'ஜ'. சீன ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து 'யாஜினி' என்று கூப்பிட்டால் அது அவருடைய தவறன்று. அவருக்குத் தெரிந்த முறையில் சரியாகத்தான் படித்திருக்கிறார்!

2. 'எல்' போடுவது

யாரும் தடுமாற மாட்டார்கள். 'தமிழ்' என்ற சொல்லையே ஆங்கிலத்தில் 'எல்' போட்டுத்தானே எழுதுகிறோம்? எனவே இது மட்டமான வழி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் தமிழாசிரியருக்கே குழப்பம் வரலாம். யாலினியா, யாளினியா, யாழினியா? எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

3. 'ஆர்-எல்' போடுவது

இலங்கைத் தமிழர்களிடம் அதிகம் பார்க்கலாம். 'யாழ்' என்பதை இப்படி எழுதுவது அங்கே பழக்கம். பழகாதவர்கள் 'யார்லினி' என்று படிக்கக்கூடும்.

இன்னொன்று: முதல் எழுத்து நெடில் 'யா'. 'ஏ' ஒன்று போடுவதா இரண்டு போடுவதா என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். எண்கணிதம் பார்த்து எழுத்து கூட்டுபவர்கள், கூட்டிய பிறகு பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.

சீன நண்பர்களுக்கு 'ழ' வராதா?

வரும்! அவர்களிடம் ஏறக்குறைய அந்த ஒலி இருக்கிறது.

சீனத்தில் மனிதரைக் குறிக்கும் சொல் 'ரென்'. அதன் முதல் ஒலியைக் கவனித்துக் கேளுங்கள். நாக்கு மேல்நோக்கி வளைகிறது, ஆனால் அண்ணத்தைத் தொடுவதில்லை. நம் 'ழ'வும் அப்படித்தான். இரண்டு என்ற எண்ணைச் சொல்லும் 'எர்' என்ற சொல்லின் முடிவிலும் அது கேட்கும்.

"'ரென்'ல வர்ற 'ர' மாதிரி சொல்லுங்க" என்றால் போதும். 'யாழினி'க்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

சொல்லப்போனால் நம் வீட்டில்தான் சிக்கல் அதிகம். வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றும் 'வாயப்பயம்' என்றும் சொல்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். வீட்டில் 'யாளினி' என்று கூப்பிட்டுவிட்டு வெளியார் தப்பாகச் சொல்வதாக வருத்தப்பட முடியுமா?

பதிவுக்கு முன் என்ன செய்யலாம்?

- நீங்கள் யோசித்துவைத்திருக்கும் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு சீன நண்பர், ஒரு மலாய் நண்பர், ஒரு தமிழ் நண்பர் என மூவரிடமும் காட்டுங்கள். எப்படி உச்சரிப்பது என்று சொல்லித்தராமல் படிக்கச் சொல்லுங்கள்.

- எந்தத் தவறைச் சகித்துக்கொள்ள முடியும் என்று முடிவெடுங்கள். எல்லாரும் சரியாகப் படிக்கும் எழுத்துக்கூட்டல் கிடைப்பது அரிது.

- அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாரும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். பின்னாளில் கடப்பிதழில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று என்று இருந்தால் அலைச்சல் பிள்ளைக்குத்தான். வளர்ந்த பிறகு பெயரை மாற்றுவதற்கு வழக்கறிஞர் மூலம் பெயர்மாற்றப் பத்திரம் தயாரிக்க வேண்டியிருக்கும்.

- பாலர் பள்ளியின் முதல் நாளே ஆசிரியரிடம் பெயரைச் சொல்லிக்காட்டுங்கள். பெரும்பாலானோர் சரியாகச் சொல்லவே விரும்புவார்கள். யாராவது சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று

சிறு பிள்ளைகளுக்கு 'ழ' சற்றுத் தாமதமாகத்தான் வரும். உங்கள் யாழினியே சில காலம் தன்னை 'யாயினி' என்று சொல்லிக்கொண்டு திரியலாம். பயப்பட வேண்டாம். நீங்கள் சரியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், தானாக வந்துவிடும்.

ஆங்கிலத்தில் எப்படிப் பதிவு செய்தாலும் தமிழில் அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுங்கள். யாழ் எப்படி இருக்கும் என்று ஒரு படத்தைக் காட்டுங்கள்.

பிறகு யாராவது பெயரை மாற்றிச் சொன்னால் நீங்கள் திருத்த வேண்டியதில்லை. "யாலினி இல்ல டீச்சர், யாழினி!" என்று அவளே சொல்வாள்.