பம்பாய் எஃகும் தென்னாட்டு உருக்கும்

வடாலாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் துறைமுக இரயிலில் ஏறினால், சிவ்ரியும் காட்டன் கிரீனும் கழிந்து ரே ரோடு வருகிறது. அதனை அடுத்த தாருக்கானா, தகட்டுக்கும் கம்பிக்கும் உடைத்த கப்பலின் இரும்புக்கும் பேர்போன இடம். இந்தக் கரையிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனுக்குச் சென்ற சில எஃகுக் கட்டிகளின் வரலாற்றையே நாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தோம்.

1794இல் பம்பாயில் வாழ்ந்த ஹெலினஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் அக்கட்டிகளை இராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். மறு ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து கட்டுரை படைத்தார். இது பம்பாயில் செய்யப்பட்டு, அங்கே 'வூட்ஸ்' என வழங்கும் எஃகு என்று அக்கட்டுரையின் தலைப்பே சொல்லிற்று.

பிழை அங்கேதான் புகுந்தது. பம்பாய் கப்பலேற்றிய துறையேயன்றி, காய்ச்சிய ஊர் அன்று. வூட்ஸ் உலைகள் எரிந்தவை கோல்கொண்டா, மைசூர், சேலம் வட்டாரங்களில். அச்சொல்லே கன்னடத்து 'உக்கு' என்பதன் திரிபு என்பர் அறிஞர் பலர். நம் 'உருக்கு' அதற்கு உடன்பிறப்பு. ஏறிய துறையின் பெயர் சரக்கின்மேல் ஒட்டிக்கொள்வது வணிகத்தில் புதிதன்று. எந்த ஊரிலிருந்து வந்தாலும் 'மதராசி' என்ற ஒரே பெயரைப் பெற்ற நம் முன்னோர்க்கு இது நன்றாகவே விளங்கியிருக்கும்.

தொழில்முறை எளிது போலத் தோன்றும். தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரஞ் சுள்ளியை நறுக்கிக் களிமண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பர். சுள்ளியும் இலையும் கரியாகி இரும்பினுள் புகும். இம்முறையைப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத் 1830களில் எழுதி வைத்தார். நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உலையோடு மூசை உலையின் தடயமும் வெளிப்பட்டது. ஹீத் கண்டது நேற்றுத் தோன்றிய தொழில் அன்று.

கரி புகுந்தால் என்ன நிகழ்கிறது? உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றைப் பிணைப்பவை எந்த ஓர் அணுவுக்கும் தனியுரிமையாகாமல் எங்கும் உலவும் எலெக்ட்ரான்கள். ஆகவே ஓர் அடுக்கு வழுக்கினும் பிணைப்பு அறாது. இரும்பு வளையும், நீளும். சிறிய கரியணுக்கள் இடைவெளிகளில் நுழைந்து அவ்வழுக்கலைத் தடுக்கின்றன. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி சேர்ந்தாலோ, மூன்று இரும்பணுவுக்கு ஒரு கரியணு வீதம் கூடிய சிமென்டைட் என்னும் மிகக் கடினமான பொருள் பிரிந்து நிற்கிறது. டமாஸ்கஸ் வாள்களில் நீரோட்டம்போல் தெரியும் கோலம் அச்சிமென்டைட்டின் வரிசையே. அளவறிந்த செஞ்சூட்டில் அடித்தால் இவ்வெஃகு வாளாகும். வெண்சூட்டில் அடித்தால் நொறுங்கும். ஐரோப்பியக் கொல்லர் பலர் இதனை நொறுக்கியே கற்றனர்.

கொல்லர் மகனான மைக்கேல் பாரடேயும் 1819இல் இதனை ஆராய்ந்து, அலுமினியமே வலிமைக்குக் காரணம் என்று கருதினார். அது தவறு. கரியே காரணமென்று 1820களில் பாரிசில் பிரெயான் கண்டார். பேரறிஞரும் சறுக்கிய இடம் இது!

கரி மட்டுமே கோலத்தைத் தந்துவிடாது என்பது 1990களில் தெரிந்தது. அமெரிக்க உலோகவியலார் வெர்ஹோவன், பெண்ட்ரே என்னும் கொல்லருடன் சேர்ந்து அத்தகைய வாள்களை மீண்டும் செய்து பார்த்தார். தாதுவில் அணுவளவே கலந்த வனேடியம் போன்றவை இருந்தால்தான் சிமென்டைட் வரிசையாக நிற்கிறது என்று காட்டினார். அத்தகைய தாது கிடைக்காமற் போனபோது, கைப்பழக்கம் மாறாத கொல்லனுக்கும் கோலம் வராமற் போயிருக்கும் என்பது அவர் கருத்து.