கூஸ்பம்ப்ஸ்: ஒரு சிலிர்ப்பின் சொல் வரலாறு

பெங்களூரில் தமிழரும் கன்னடரும் இன்று ஒருசேர ஆளும் உணர்ச்சிச் சொல் 'கூஸ்பம்ப்ஸ்'. திரைப்பாடலுக்கும் அதுவே, கிரிக்கெட் வெற்றிக்கும் அதுவே. தமிழில் இதற்கு நிகர் யாது என மாணவர் வினவினால், 'புல்லரிப்பு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது போதுமா?

ஆங்கிலச் சொல்லின் பின்னணி, இறகு பறித்த வாத்தின் தோல். குளிரையும் அச்சத்தையும் குறித்த வழக்கு இன்று இன்பத்தின் பக்கம் சாய்ந்துள்ளது. இச்சாய்வு புதிதன்று. இலத்தீன் 'ஹொரேரே' மயிர் குத்திட்டு நிற்பதைக் குறித்தது. 'ஹாரர்' அதன் வழிவந்தது. வடமொழி 'ஹ்ருஷ்' என்னும் வேரும் அதே மூலத்தினது என்பர் மொழிநூலார். அதிலிருந்து பிறந்ததோ மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஹர்ஷம்'. ஒரே வேர், ஓரிடத்தில் அச்சம், மற்றோரிடத்தில் களிப்பு. பகவத் கீதையில் முதல் அத்தியாயத்தில் கலங்கி நிற்கும் அருச்சுனனுக்கும் மயிர் சிலிர்க்கிறது. 11ஆம் அத்தியாயத்தில் விசுவரூபம் கண்டு வியப்பவனுக்கும் சிலிர்க்கிறது.

உடற்குறி ஒன்று, உணர்ச்சி பல. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம், மருட்கை, உவகை உள்ளிட்ட எட்டினையும் 'மெய்ப்பாடு' என்ற ஒரே பெயரின்கீழ் வைக்கிறது. உள்ளத்து நிகழ்வது மெய்யில் புலப்படுவதே அதன் அடிப்படை. கன்னடத்தாரின் 'மை' நம் 'மெய்'யே. அவர்கள் 'மை ஜும்' என்று சொல்லும்போதும் பேசுவது உடலே.

தமிழில் இவ்விரு பக்கத்தையும் தாங்கிய சொல் 'மயிர்க்கூச்செறிதல்'. அது ஏன் பின்தள்ளப்பட்டது? திருக்குறள் 969இல் கவரிமாவின் மானத்திற்கு உவமையாக வந்த 'மயிர்', பேச்சுவழக்கில் வசைச்சொல்லாயிற்று. கன்னடத்தில் 'ரோமாஞ்சன'த்திற்கு அந்த இடர் நேரவில்லை. வடசொல் ஆதலின் அது தப்பியது. நாமோ மயிரை விலக்கி, புல்லரிப்பை ஏற்றோம். அதுவும் இன்று சமூக ஊடகங்களில் பெரும்பாலும் எள்ளலாகவே ஒலிக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உளவியல் வினாநிரல்களைத் தமிழாக்குவோர் 'புல்லரித்ததா?' என்று கேட்டால், அஞ்சி நடுங்கியவர் 'இல்லை' என்பார். அவர் தோலோ 'ஆம்' என்றிருக்கும். 1872இல் டார்வின் விலங்குகளின் மயிர் சிலிர்ப்பை அச்சத்தோடும் சினத்தோடும் இணைத்து எழுதினார். நம் வினா அப்பாதியை அறியாமலே விட்டுவிடும். ஆதலின், 'மெய்சிலிர்த்ததா, மயிர்க்கூச்செறிந்ததா?' என்று முதலில் உடலைக் கேட்போம். எந்த உணர்ச்சியால் என்பதைப் பின்னர்க் கேட்போம்.