நாலு பெயர் மாறிய நோய்

1/ தலைவலி. குனிஞ்சு நிமிர்ந்தா சில விநாடி கண் இருட்டுது. காதுக்குள்ள நாடித்துடிப்போட சேர்ந்து 'உஷ் உஷ்'னு சத்தம். ஸ்கேன்ல கட்டி இல்லை, ஆனா மண்டைக்குள்ள பிரஷர் அதிகம். இதுதான் ஐ.ஐ.எச். இந்த நோய்க்கு நாலு தடவை பெயர் வச்சாங்க. அதுல ஒரு பெயர் ஆபத்தானது.

2/ 1891-ல ஜெர்மனியின் ஹைன்ரிக் குவின்கே, இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சிலருக்கு அந்த நீரின் அழுத்தம் எகிறி இருந்தது. மூளை உறை அழற்சியில் ஒரு வகைன்னு நினைச்சு 'மெனிஞ்சைடிஸ் செரோசா' என்றார்.

3/ 1904-ல மாக்ஸ் நோனே வச்ச பெயர் 'சூடோட்யூமர் செரிப்ரி'. அதாவது பொய்க்கட்டி. மூளைக்கட்டியின் அறிகுறி எல்லாம் இருக்கும், கட்டி மட்டும் இருக்காது.

4/ கட்டி இல்லைன்னு உறுதி செய்யறதே அப்போ பெரும்பாடு. மண்டையோட்டுல துளை போட்டு, மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கணும். அந்த முறையை 1918-ல கொண்டுவந்த அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி, 1937-ல இப்படி 22 பேரைப் பதிவு செஞ்சார்.

5/ 1955-ல வந்த பெயர் 'பினைன்'. ஆபத்தில்லாததுன்னு அர்த்தம். உயிர் போகாதுங்கறது சரி. ஆனா 1982-ல ஜேம்ஸ் கார்பெட் குழு, 5 முதல் 41 வருஷம் வரை கவனிக்கப்பட்ட 57 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. அதில் 14 பேருக்கு நிரந்தரமான, கடுமையான பார்வை இழப்பு! அழுத்தத்தால் பார்வை நரம்பு வீங்கும். பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து சுருங்குவதால் ஆரம்பத்துல தெரியவே தெரியாது. 'பினைன்' கைவிடப்பட்டது. இப்போ 'இடியோபதிக்', அதாவது காரணம் அறியாதது.

6/ அதிகம் வருவது உடல் எடை கூடிய, குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும், அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ-யும் இதே பிரஷரை உண்டாக்கலாம். மூளைச் சிரையில் ரத்த உறைவு இல்லைன்னு ஸ்கேன்ல உறுதி செய்யணும்.

7/ சிகிச்சை? எடைக் குறைப்பு முதல் தூண். 2014-ல வெளியான ஆய்வில் 165 பேர். எடைக் குறைப்பு உணவோட அசெட்டசோலமைடு மாத்திரையும் எடுத்தவங்களுக்குப் பார்வை கூடுதலா மேம்பட்டது. பார்வை வேகமாகக் குறைஞ்சா அறுவை சிகிச்சை.

8/ முதல் பதிவில் சொன்ன அறிகுறிகள் இருந்தா, தலைவலி மாத்திரையோட நிறுத்தாதீங்க. கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுங்க. நரம்பு வீக்கம் அங்கேயே தெரிஞ்சிடும். நேரத்துல பிடிச்சா பெரும்பாலானவங்களுக்குப் பார்வையைக் காப்பாத்தலாம்.